பொலிஸ் வாசலில் கல்லெடுக்க முன் பிரேத அறை வாசலுக்குப் போங்கள்

மறுபடியும் அதே கதைதான். காவலில் ஒருவர் இறந்துவிட்டார் என்று தகவல் வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஊரே பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் நிற்கிறது. டயர் எரிகிறது, ஜீப் கண்ணாடி உடைகிறது, கண்ணீர்ப்புகை அடிக்கிறார்கள், யாரோ ஒருவர் பேஸ்புக்கில் நேரலை போடுகிறார். விடிந்தால் ஊர்ப் பொடியன்கள் விளக்கமறியலில். இதற்கிடையில் இறந்தவரின் உடலை யார் அடையாளம் காட்டினார்கள், உடுத்தியிருந்த உடுப்பு எங்கே, நீதவான் வந்து பார்த்தாரா என்று கேட்டால் குடும்பத்தில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

கோபப்பட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மரண விசாரணை நடந்தது, ஆட்கொலை என்று முடிவும் வந்தது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உயிர் தப்பியவர்களைக் கொண்டுவந்து அடைத்தது மட்டக்களப்புச் சிறையில்தான். இந்த மண்ணில் இருப்பவர்களிடம் போய் "சட்டத்தை நம்புங்கள்" என்று உபதேசம் பண்ண எந்தச் சட்டத்தரணிக்கும் வாய் வராது. சொல்வது வேறு. வழக்கைத் தோற்கடிக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள்.

"நிலையத்தை உடைத்தால்தான் மேலிடம் அசையும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, எல்லாத் தடவையும் காலை வாருவது அதுதான். அதற்கு உதாரணமாக மொரட்டுவைப் பக்கத்து அங்குலானையைக் காட்டுவார்கள். 2009 ஓகஸ்டில் இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டதும் ஊர்மக்கள் அங்கே பொலிஸ் நிலையத்தைத் தாக்கினார்கள், 2011இல் பொறுப்பதிகாரி உட்பட நான்கு பொலிஸ்காரர்களுக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உண்மைதான். ஆனால் தண்டனை கிடைத்தது சாட்சியால், கல்லால் அல்ல. 2012இல் தொம்பேயில் காவல் மரணத்துக்குப் பிறகு நிலையத்தை அடித்து நொறுக்கியவர்கள் ஆவணங்களையும் எரித்தார்கள். பிறகு கைதானவர்கள் ஊர்க்காரர்கள்.

அந்த ஆவணங்கள் யாருடைய ஆயுதம் என்று நினைக்கிறீர்கள்? பொலிஸ் நிலையத்தில் தகவல் புத்தகம் இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு, எந்தக் காரணத்துக்காக வெளியே போனார், ஆளை எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார் என்று அதில் எழுதியிருக்கும். கூண்டில் அடைத்த நேரமும் வெளியே எடுத்த நேரமும் கைதிகள் பதிவேட்டில் வரும். வாகனத்துக்கு ஓட்டக் குறிப்பு, அதில் கிலோமீற்றர். சிசிடிவி வேறு. ஒன்பது மணிக்குப் பிடித்தவரைப் பன்னிரண்டு மணிக்குப் பிடித்ததாக எழுதினால், அந்த மூன்று மணித்தியாலப் பொய்யைப் பிடிக்க இந்தப் புத்தகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. வைத்தியசாலை அனுமதிப் பதிவில் ஒரு நேரம், தகவல் புத்தகத்தில் இன்னொரு நேரம் என்று வந்தால் குறுக்கு விசாரணையில் ஆள் தடுமாறுவார். அந்தப் புத்தகங்களுக்கு நீங்களே நெருப்பு வைத்தால், பிழை செய்தவர் உங்களுக்கு நன்றி சொல்வார். எரியாமல் தப்பினாலும் "கலவரத்தில் காணாமல் போய்விட்டது" என்று சொல்ல ஒரு காரணத்தைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது பிணை. ஜீப் கண்ணாடி பொதுச் சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துகள் சட்டத்தின் கீழ், சேதம் 25,000 ரூபாய்க்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்றிதழ் கொடுத்துவிட்டால், விசேட காரணம் காட்டாமல் நீதவான் பிணை தரமுடியாது. இன்றைய விலைக்கு ஒரு வாகனக் கண்ணாடியே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். ஐந்து பேர் சட்டவிரோதமாகக் கூடினால் போதும், தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவின்படி ஒருவர் எறிந்த கல் மற்ற எல்லாருக்கும் பொறுப்பாகலாம். "நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்" என்று சொல்லும் பொடியனின் முகம் நேரலை வீடியோவில் முன்வரிசையில் தெரியும். அந்த நேரலையைப் போட்டது அவனுடைய கூட்டாளிதான்.

சம்பந்தப்பட்ட பொலிஸ்காரரின் பெயரைப் பார்த்து, அவர் என்ன இனம், என்ன மதம் என்று பதிவு போடுகிறவர்களுக்கும் ஒன்று. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், எல்லாரும் ஐசிசிபிஆர் என்று சொல்வது, அதில் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவில் அகப்பட்டால் பிணைக்கு மேல் நீதிமன்றம் வரை போகவேண்டும். கல்முனை வீதியில் ஊருக்கு ஊர் சமூகம் மாறும். ஒரு கூண்டு மரணத்தை இரண்டு ஊர்ச் சண்டையாக மாற்ற ஒரு பதிவு போதும். அப்புறம் இறந்தவரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இனி, தகவல் வந்தவுடன் செய்யவேண்டியவை.

காவல் மரணம் சாதாரணத் திடீர் மரணம் இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் பொறுப்பான அதிகாரி உடனடியாக நீதவானுக்கு அறிவிக்கவேண்டும், நீதவான் உடலைப் பார்வையிட்டு மரண விசாரணை நடத்தவேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி மட்டும் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அங்கேயே மறுத்துவிடுங்கள். கூட்டமாகப் போவதென்றால் நீதிமன்றத்துக்குப் போங்கள். உள்ளே ஒரு சட்டத்தரணி, இறந்தவரின் மனைவி அல்லது தாய் தகப்பன், வெளியே மற்றவர்கள். மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எது கிட்டவோ அதுவல்ல. உடல் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த நீதிமன்றம். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகம் இருக்கிறது.

முதல் விண்ணப்பத்திலேயே இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: கூண்டைக் கழுவாமல் பூட்டிவைக்க உத்தரவு, பதிவேடுகளைக் கையகப்படுத்த உத்தரவு, நிலையத்திலும் பக்கத்துக் கடைகளிலும் உள்ள சிசிடிவிப் பதிவைப் பாதுகாக்க உத்தரவு. கமராக்கள் இடம் நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கிடைக்காது.

உடலை அடையாளம் காட்டப் போகிறவர் அழுது மயங்காத ஆளாக இருக்கட்டும். அம்மாவை அனுப்பாதீர்கள், தயவுசெய்து. மாமாவோ மச்சானோ போய் நிதானமாகப் பார்க்கட்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனைக்கு முன்பே வாயால் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், பிடிக்கும்போது உடம்பில் காயம் இருந்ததா, என்ன வருத்தம், என்ன மாத்திரை, எங்கே அடித்ததாகக் கேள்விப்பட்டீர்கள். வரலாறு தெரியாமல் வெட்டுகிற வைத்தியர் வழமையான இடங்களை மட்டும் பார்க்கக்கூடும். முதுகு, பிட்டம், தொடை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் தோலைக் கீறித் தசையைப் பார்க்கும்படியும், எக்ஸ்ரே எடுக்கும்படியும், உடல் முழுக்கப் புகைப்படம் எடுக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். மொட்டையான பொருளால் அடித்த காயம் தோலில் ஒன்றுமில்லாமல் உள்ளே கறுத்துக் கிடக்கும். ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வெளியே தெரியவரும் கண்டல்களும் உண்டு.

இதற்கு நேரெதிரான பிழையும் நடக்கிறது. பிரேத அறையில் போனில் படமெடுத்து, முதுகெல்லாம் ஊதாவாக இருக்கிறது, அடித்தே கொன்றிருக்கிறார்கள் என்று போடுவது. மல்லாந்து கிடக்கும் எந்தப் பிரேதத்துக்கும் முதுகுப்பக்கம் இரத்தம் இறங்கித் தேங்கி ஊதாவாகத்தான் இருக்கும், தரையில் அழுந்திய தோள்பட்டையும் பிட்டமும் வெளிறியிருக்கும். வைத்தியர் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும்: தேங்கிய இரத்தம் கழுவினால் போகும், அடிபட்ட இரத்தம் தசைக்குள் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. கழுத்திலிருந்து அடிவயிறு வரைக்கும் தையல் இருந்தால் அது பரிசோதனைத் தையல், சித்திரவதை இல்லை. இந்தப் படங்களைக் காட்டி ஊரைக் கிளப்பிவிட்டு, பிறகு வைத்தியர் சாட்சிக்கூட்டில் "அது காயம் அல்ல" என்று சொல்லும்போது, உண்மையான காயத்தைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நீதிமன்றம் சந்தேகிக்கும்.

"ஐஸ் போதைப்பொருள் பக்கெட்டை விழுங்கிவிட்டார்" என்பது இப்போது வழக்கமான விளக்கம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரைப்பையில் உறை கிடைத்ததா, இரத்தமும் சிறுநீரும் இரைப்பை உள்ளடக்கமும் முத்திரையிட்டு அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போயினவா என்று கேளுங்கள். அந்த அறிக்கை வர மாதங்கள் ஆகும். அதுவரை "காரணம் பின்னர்" என்றிருந்தால் அது மூடிமறைப்பு இல்லை. பிரேத அறை ஊழியர் காதோடு சொல்வது அறிக்கையும் இல்லை. முக்கியமாக, மாதிரி எடுக்க முன் எம்பாம் பண்ணவிடாதீர்கள். எம்பாம் பண்ணிய உடலில் நச்சுப் பரிசோதனை குழம்பிவிடும். உடுப்பைத் துவைக்கவோ பொலித்தீனில் கட்டவோ வேண்டாம், கடதாசி உறையில் போட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உடலை எரிக்காதீர்கள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்காத ஒன்று இது. 2021 ஜூனில் மட்டக்களப்பில் பொலிஸ் காவலில் இறந்த 22 வயது இளைஞரின் உடலை நீதிமன்ற உத்தரவின்படி தோண்டியெடுத்துப் பேராதனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரண்டாவது தடவை பரிசோதித்தார்கள். புதைத்திருந்ததால் முடிந்தது. எரிக்கிற வழக்கமுள்ள குடும்பம் என்றாலும் இந்த ஒரு தடவை புதையுங்கள், இடத்தையும் அடையாளப்படுத்தி வையுங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு எரிக்கும் பிரச்சினை இல்லை, அவசரம்தான் பிரச்சினை. ஜனாஸாவை இருட்ட முன் அடக்கவேண்டும் என்ற துடிப்பு விளங்குகிறது. பரிசோதனை முழுமையாக முடியும் வரை சில மணித்தியாலம் பொறுங்கள் என்று பள்ளி நிருவாகம்தான் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

அம்பாறை மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக: திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ பிடிபட்டவரின் உடல் அம்பாறைப் பொது வைத்தியசாலைக்குப் போனால் அங்கே நீட்டப்படும் கடதாசி சிங்களத்தில் இருக்கலாம். வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை இல்லை, உரிமை. "வாசித்துக் காட்டினோம்" என்பார்கள். வாசித்துக் காட்டியது ஒன்று, எழுதியிருந்தது வேறொன்று என்பது பல மாதம் கழித்து நீதிமன்றத்தில்தான் வெளிவரும். செத்தவீட்டுச் செலவுக்கு என்று காசோடு வருகிற இடைத்தரகரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதும் அப்படித்தான்.

ஊர்வலம் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, பிரதியில் நேரமிட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் நில்லுங்கள், பொலிஸ் வாசலில் வேண்டாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவுத் தடை உத்தரவு வந்தால் கிழித்தெறியாமல் சட்டத்தரணியிடம் கொடுங்கள், அதை மாற்றும்படி அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். அம்புலன்ஸுக்கு வழி விடுங்கள். டயர் வேண்டாம்.

இதெல்லாம் ஆள் போனபிறகு. உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. பிடித்துக்கொண்டு போகும்போது வாகன இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்குள் போய்க் கட்சிக்காரருக்காகப் பேசலாம் என்று 2012இலேயே வர்த்தமானி விதி வந்துவிட்டது, "இப்ப ஏலாது" என்பதை ஏற்கவேண்டியதில்லை. சாதாரணச் சட்டத்தில் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். அங்கே காயத்தைச் சேட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிறையில் பார்க்கப் போனால் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சிறுநீர் போகிறதா, என்ன நிறம் என்று கேளுங்கள். கடுமையாக அடிபட்ட தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்துக் குறைந்தால் அது வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அவசரம். அடி பட்டவர் பல நாள் கழித்து விளக்கமறியலில் சாவதற்கு இதுவும் ஒரு வழி, பதிவில் அது வெறும் "சிறுநீரகக் கோளாறு". அடைத்து வைக்கப்பட்டவரின் வாய் திறந்திருக்கும்போது பேசவைப்பதும் பெறுமதி. 2023 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இறந்த சித்தங்கேணி இளைஞர் வைத்தியசாலையில் தன்னை அடித்த விதத்தைச் சொன்ன காணொளி இருந்தது. மரண விசாரணை ஆட்கொலை என்றே முடிந்தது, பொலிஸ்காரர்கள் கைதானார்கள்.

கடைசியாக நாட்கணக்கு. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதற்கு ஆதாரமாகக் கடிதம் கையில் இருக்கவேண்டும். ஆள் இறந்துவிட்டாரே, யார் மனுப் போடுவது என்று கேட்கிறார்கள். ஸ்ரீயானி சில்வா வழக்கில் முன்பே உயர் நீதிமன்றம் மனைவி போடலாம் என்று தீர்த்துவிட்டது. எட்டுச் செலவு, முப்பத்தொன்று என்று சடங்கெல்லாம் முடித்து வருகிறோம் என்பவர்களுக்கு: முப்பத்தொன்று முடியும்போது அந்த மாதமும் முடிந்திருக்கும்.