முகப்பிலிருந்து அடுப்படி வரை நடந்தால் எத்தனை கலோரி?

"ஒரு நாளைக்கு 2,317 கலோரி சாப்பிடலாம்னு போன் சொல்லுதும்மா. நான் அவ்வளவுகூடச் சாப்பிடறதில்ல. அப்புறம் எப்படி வயிறு மட்டும் முன்னாடி வருது?"

கேட்டவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பூர்வீக வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தேவகோட்டைக்கே திரும்பி வந்துவிட்ட ஒரு அண்ணன். வயது 52, உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. கை கால் ஒல்லி, தொப்புளைச் சுற்றி 96 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு.

அதே வாரத்தில், சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்தார் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளி ஒருவர். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே உயரம், அதே 70 கிலோ. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் போட்டு அடைத்து, காய்ந்ததைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது அவர் வேலை. முன்னங்கை கயிறு முறுக்கியது போல இருக்கும்.

போனில் இருக்கும் செயலிகள் பெரும்பாலும் 1990-இல் வந்த மிஃப்ளின் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அது எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டுமே கேட்கும். அதன்படி இந்த இருவருக்குமே, படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி 1,495. அந்த 70 கிலோவுக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. சும்மா இருக்கும்போது ஒரு கிலோ தசை நாளைக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும். ஒரு கிலோ கொழுப்பு நாலரைதான். கல்லீரலும் மூளையும் கிலோவுக்கு 200-க்குக் குறையாமல் தின்னும், ஆனால் அவற்றின் எடை ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது.

கொழுப்பு சதவீதம் தெரிந்தால் கேட்ச்-மெக்கார்டில் சூத்திரம் கைகொடுக்கும். மொத்த எடையிலிருந்து கொழுப்பைக் கழித்து, மீதிக் கிலோவை 21.6-ஆல் பெருக்கி, 370-ஐக் கூட்டுங்கள். அண்ணனுக்குக் கொழுப்பு 32 சதவீதம். கொழுப்பு போக 47.6 கிலோ. கணக்குப்படி 1,398. பட்டறைக்காரருக்கு 15 சதவீதம். கொழுப்பு போக 59.5 கிலோ. அவருக்கு 1,655. ஒரே எடை, இருந்தும் ஒரு நாளைக்கு 257 கலோரி வித்தியாசம்.

ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பது நமக்குப் புதிதல்ல. புனே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யூட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண்) 22.3. கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2.

சரி, சதவீதத்தை எப்படி அளப்பது? என்னிடம் இருப்பது ஏறி நின்றால் எண் காட்டும் மெஷின். பாதம் வழியாக லேசான மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து ஊகிக்கும். உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் ஆடும். ஆரம்பத்தில் இது எனக்கே உறைக்கவில்லை. ஒரு ஆச்சியை வெறும் வயிற்றில் அளந்தபோது 36. அடுத்த தடவை சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வந்தார், 33. "மூணு குறைஞ்சிருச்சு ஆச்சி" என்று பாராட்டியும் விட்டேன். மறுவாரம் காலையில் பார்த்தால் பழையபடி 36. அன்றிலிருந்து யாராக இருந்தாலும் காலையில், வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகுதான். மெஷின் இல்லாதவர்களுக்கு இன்ச் டேப் இருக்கிறது: ஆண்களுக்குக் கழுத்தும் வயிறும், பெண்களுக்கு இடுப்பும் சேர்த்து அளந்து, உயரத்தோடு கணக்கிடும் அமெரிக்கக் கடற்படை முறை. அதுவும் தோராயம்தான்.

இந்தத் தோராயத்தால் பெரிய மோசம் வந்துவிடாது. 70 கிலோ ஆளுக்கு மெஷின் 5 சதவீதம் தப்பாகச் சொன்னாலும் விடையில் மாறுவது 76 கலோரிதான், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் எண்ணெய். கணக்கு கவிழ்வது அடுத்த வரியில். வந்த விடையை நம் உழைப்புக்குத் தகுந்தபடி பெருக்க வேண்டும்: உட்கார்ந்த வாழ்க்கைக்கு 1.2, லேசாக நடமாடினால் 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55. இங்கேதான் எல்லோரும் தங்களுக்குத் தாராளமாக மார்க் போட்டுக்கொள்கிறார்கள். அண்ணன் செயலியில் தட்டியது "நடுத்தரம்". 1,495-ஐ 1.55-ஆல் பெருக்கி வந்ததுதான் அந்த 2,317.

"எங்க வீடு ரெண்டு தெருவுக்கு நீளும்மா. முகப்புலேருந்து வளவு, வளவுலேருந்து ரெண்டாங்கட்டு, அடுப்படி... இதுல நடக்கறது போதாதா?"

போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடக்கச் சொன்னேன். நாளைக்குச் சராசரி 2,900 அடி. வீடுதான் நீளம், நடை இல்லை. அவருடைய 1,398-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1,678. செயலி சொன்னதைவிட 639 குறைவு. பட்டறைக்காரருக்கு 1.55 போட்டால் 2,565. அவருக்கு நான் சோற்றைப் பாதியாக்கச் சொல்லவில்லை, வகையைத்தான் மாற்றினேன்.

அண்ணனுக்கு 1,678-லிருந்து 300 மட்டும் குறைத்தேன். அதற்குமேல் வெட்டினால், பருப்பும் முட்டையும் மீனும் கூட்டாமல் வெட்டினால், கொழுப்போடு தசையும் கரையும். அப்புறம் அந்த 47.6-உம் இறங்கிவிடும். (கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், இன்சுலின் போடுபவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். நேரில் வாருங்கள்.)

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 300 வீதம் 28 நாளில் 8,400, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கியிருக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து வந்தார். நீர் ஏற்ற இறக்கம் ஏமாற்றாமல் இருக்க வாரச் சராசரியாகத்தான் பார்த்தேன். இறங்கியது 400 கிராம். அப்படியானால் நாளைக்கு உண்மையில் குறைந்திருப்பது 110 கலோரிதான். மீதி 190 எங்கே?

அவரை எழுதிவரச் சொல்லியிருந்த சாப்பாட்டு நோட்டைப் புரட்டினேன். காலை இட்லி எண்ணிக்கை, மதியச் சோறு கப் அளவு, ராத்திரி இடியாப்பம், எல்லாம் கணக்குப்பிள்ளை எழுத்தில் சுத்தமாக இருந்தது. நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே மட்டும் ஒன்றுமே இல்லை.

"சாயங்காலம் ஒண்ணும் சாப்பிடறதில்லையாண்ணே?"

"வெள்ளைப்பணியாரம் ரெண்டு, காரச்சட்னி. அது டிபன்தானேம்மா. நீ சாப்பாட்டைத்தானே எழுதச் சொன்ன?"