நுண்கடன்: நாணயத்தில் தொடங்கிய சொல்

மைக்ரோகிரெடிட் என்ற சொல்லில் ஒரு பாதி கிரேக்கம், மறு பாதி லத்தீன். கிரேக்கத்தில் ‘மைக்ரோஸ்’ என்றால் சிறியது. லத்தீனில் ‘கிரெடெரே’ என்றால் நம்புவது. நம்பி ஒப்படைத்த பொருளுக்குத்தான் கிரெடிட் என்று பெயர் வந்தது. ஆக, வேரைப் பார்த்தால் ‘சின்ன அளவில் ஒருவரை நம்பிக் கொடுப்பது’ என்றுதான் பொருள்.

தமிழில் இதற்கு நுண்கடன் என்கிறோம். அடமானம் கேட்காமல் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்து, வாராவாரமோ மாதாமாதமோ சிறு தவணையாகத் திரும்ப வாங்கும் தொகை அது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் இந்த வகையில் வரும்.

முதலில் ‘நுண்’. மைக்ரோவுக்கு அரசு அலுவலகங்கள் ‘குறு’ என்றும் எழுதுகின்றன. ‘குறு, சிறு, நடுத்தரத் தொழில்’ என்று பார்த்திருப்பீர்கள். ஆனால் குறுங்கடன் என்றால் குறுகிய காலக் கடன் என்று படிக்க இடமிருக்கிறது. சிறுகடன் என்றால் பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்றுகூட அதில் அடங்கிவிடும். நுண்ணுயிரி, நுண்ணோக்கி என்று மைக்ரோவுக்கு ‘நுண்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நுண்கலை போல நுண்கடன் என்று இயல்பாக எழுதலாம், புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை.

‘கடன்’தான் யோசிக்க வைக்கும் பகுதி. நேர்த்திக்கடன், செஞ்சோற்றுக்கடன், காலைக்கடன் எதிலும் பணம் இல்லை. செய்தே ஆக வேண்டியது என்பதுதான் அங்கெல்லாம் பொருள். கடமையும் கடப்பாடும் இதன் உறவுக்காரச் சொற்கள். அதாவது ‘கடன்’ என்ற சொல், வாங்கியவரின் தோளில் உள்ள பாரத்தைச் சொல்கிறது. கொடுத்தவர் வைத்த நம்பிக்கையை ‘கிரெடிட்’ சொல்கிறது. ஒரே பரிமாற்றம்தான், இரண்டு சொற்களும் அதை எதிரெதிர் முனையிலிருந்து பார்க்கின்றன.

நம்பிக்கையின் பக்கத்தைச் சொல்ல நம்மிடம் சொல்லே இல்லையா? இருந்தது. அரசு அலுவலக வளாகங்களில் ‘பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்’ என்ற பெயர்ப்பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் சிக்கனம் என்பது ‘திரிஃப்ட்’, நாணயம் என்பது ‘கிரெடிட்’. வடமொழி ‘நாணக’த்திலிருந்து வந்து முதலில் காசைக் குறித்த சொல், தமிழில் நேர்மையையும் குறித்தது. ‘நாணயமான ஆள், நம்பிக் கொடுக்கலாம்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நாணயம்தான் இது. லத்தீன் வேருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த மொழிபெயர்ப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த பிரடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1890களில் அறிக்கை எழுதினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் ஒரு சங்கம் தொடங்கியது. ஏழைக்குச் சிறு தொகை கொடுக்கும் எண்ணம் மைக்ரோகிரெடிட் என்ற சொல்லைவிட வயதில் மூத்தது.

அந்தச் சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனது வங்கதேசம். 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் பக்கத்து ஊரான ஜோப்ராவில், பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணைச் சந்தித்தார். மூங்கில் வாங்க அவளுக்கு 5 டாக்கா வேண்டும். அதைத் தரும் தரகர், முக்காலியைத் தனக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார். நாள் முழுக்கப் பின்னினால் அவள் கையில் நின்றது 50 பைசா. அவளுக்குக் கைத்தொழில் இருந்தது, உழைப்பும் இருந்தது. 5 டாக்கா சொந்தமாக இல்லாததால் விலை சொல்லும் உரிமைதான் இல்லை. அந்த ஊரில் இப்படி மாட்டியிருந்த 42 பேருக்கும் தேவைப்பட்ட மொத்தத் தொகை 856 டாக்கா, அன்றைய மதிப்பில் 27 டாலர். யூனுஸ் அதைத் தன் கையிலிருந்து கொடுத்தார். அந்த முயற்சி வளர்ந்து 1983இல் கிராமின் வங்கி என்ற முறையான வங்கியானது. அந்தப் பெயரிலும் நம் ‘கிராமம்’ இருக்கிறது. 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் வங்கிக்கும் சேர்த்துக் கிடைத்தது.

வறுமைக்கும் வேலையின்மைக்கும் இதுவே மருந்து என்ற பேச்சு அப்புறம் பரவியது. 2005இல் ஐதராபாத்தில் 104 ஏழைக் குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, 52இல் மட்டும் முதலில் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கிளையைத் திறக்கச் செய்து ஓர் ஆய்வு நடந்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அதை நடத்தியவர்களில் இருந்தார்கள். கிளை வந்த பகுதிகளில் ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் தங்கள் தொழிலில் கூடுதல் பணம் போட்டார்கள். ஆனால் குடும்பங்களின் மொத்தச் செலவுத்திறன் சராசரியாக உயரவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. முக்காலி பின்னத் தெரிந்தவருக்கு முதலீட்டுப் பணம் உதவும். வேலையே இல்லாத ஊரில் கடன் மட்டும் வேலையை உண்டாக்காது.

நம் ஊர்களில் பெண்கள் நுண்கடன் என்று சொல்வதில்லை. ‘குழு லோன்’, ‘வார டியூ’ என்கிறார்கள். ஒருத்திக்குப் பணம் புரளவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதுவரை வசூலுக்கு வந்தவர் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். இலங்கையிலோ நுண்கடன் அன்றாடப் பேச்சுச் சொல், அதுவும் துயரத்தோடு சொல்லப்படுவது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய 1 லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அங்கே அரசு அறிவிக்க வேண்டி வந்தது. அங்கே ‘கடன்’ என்ற பாதி மட்டும் மிஞ்சிவிட்டது.

சரி, எழுதும்போது எதை எப்படிச் சொல்வது? கடனை மட்டும் குறித்தால் நுண்கடன். சேமிப்பு, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் நுண்நிதி. மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கி தருவதைக் குழுக்கடன் என்றே எழுதலாம். 1992இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களோடு தொடங்கிய அந்த ஏற்பாட்டில் பெண்கள் முதலில் சேமித்து, தங்களுக்குள் கொடுத்து வாங்கி, நாணயத்தைக் காட்டிய பிறகே வங்கி வருகிறது. 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது தண்டல். தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை நுண்கடன் என்று எழுதாதீர்கள்.