கேபிள் எங்கன போகுதுன்னு சாஃப்ட்வேருக்கு எப்படிவே தெரியுது?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், பாளையங்கோட்டையில நான் நெட்வொர்க் பாத்துக்கிட்டு இருந்த ஒரு காலேஜ்ல இருந்து என் போனுக்கு 41 மெசேஜ் வந்துச்சு. எல்லாம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள. லைப்ரரி கம்ப்யூட்டர் போச்சு, கேமரா போச்சு, ஆபீஸ் பிரிண்டர் போச்சு, கைரேகை வைக்கிற மெஷின் போச்சு. வண்ணார்பேட்டையில பஜ்ஜி தின்னுக்கிட்டு நின்னவன் அப்படியே போட்டுட்டு பைக்க எடுத்துட்டு ஓடுனேன், வைரஸா இருக்குமோ, இடி எறங்கிருக்குமோன்னு வழியெல்லாம் நெனப்பு. கடைசியில பாத்தா, லைப்ரரி மாடிப்படிக்கு அடியில ஒரு பெட்டி, நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால யாரோ வாங்கிப் போட்ட ஸ்விட்ச், அதோட பிளக்க புடுங்கிட்டு சீரியல் செட் மாட்டி வச்சிருக்காவ. சவம், ஒரு பிளக்கு.

(ஸ்விட்ச்னா லைட்டு போடுத ஸ்விட்ச் இல்ல, பல கம்ப்யூட்டரோட ஒயர ஒண்ணா சேக்குத பெட்டி.)

இதுல கொடுமை என்னன்னா அந்த 41 மெசேஜ்ல அந்தப் பெட்டியோட பேரு மட்டும் இல்ல. அப்ப நாங்க வச்சிருந்த, மெஷின் எல்லாம் உசிரோட இருக்கான்னு பாக்குத மானிட்டரிங் சாஃப்ட்வேருக்கு எந்தெந்த மெஷின் இருக்குன்னு தெரியும், எது எது வழியா தொங்குதுன்னு தெரியாது. லிஸ்ட் இருந்துச்சு, மேப் இல்ல.

எங்க சித்தப்பாவுக்கு பாளையங்கால் பாசனத்துல வயல் இருக்கு. கடைமடைக்கு தண்ணி வரலன்னா அவரு கடைமடையில போய் நின்னு பாக்க மாட்டாரு, கால்வாய் ஓரமா மேல ஏறி நடப்பாரு. எந்த மடைக்கு மேல எந்த மடை, எந்தக் குளத்து மறுகால் எந்தக் குளத்துக்குப் போகுதுன்னு எல்லாம் மனசுல இருக்கு. தாமிரபரணியில கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் 8 அணைக்கட்டு, அதுல அஞ்சாவது பழவூர்ல பிரியுததுதான் பாளையங்கால். ஆறாவது சுத்தமல்லியில பிரியுத நெல்லைக் கால்வாய் திருநெல்வேலி டவுண் பக்கம் வந்து நயினார்குளத்துக்கு தண்ணி கொண்டாருது. சுத்தமல்லியில மதகு அடைச்சு கெடந்தா நயினார்குளத்துக் கரையில நின்னு என்ன பண்ண முடியும்? சித்தப்பா மனசுல இருக்க அந்தப் படத்தத்தான் இப்ப உள்ள சாஃப்ட்வேர் தானா வரையுது. கேபிள கண்ணால பாக்காம, செவத்துக்குள்ள போற ஒயர தொட்டுப் பாக்காம எப்படி வரையுதுங்கதுதான் விஷயம்.

மொத வேலை ஆள் எடுக்கிறது. ஒரு சின்ன நெட்வொர்க்ல 254 ஐபி அட்ரஸ், அதாவது மெஷினுக்கு குடுக்குத கதவு நம்பர், இருக்கலாம், ஒண்ணு விடாம ஒவ்வொண்ணா தட்டி “இருக்கியா?”ன்னு கேக்கும், இதுக்குப் பேரு பிங். 1983ல மைக் மூஸ்ங்கிறவரு எழுதுன குட்டி புரோகிராம், இன்னைக்கும் உலகம் பூரா ஓடுது. பதில் வந்தா ஆள் இருக்கான். ஆனா இது ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி, ஊர்ல யார் யார் இருக்காவன்னு சொல்லும், யார் வீட்டுக்குப் பக்கத்துல யார் வீடுன்னு சொல்லாது.

அத கண்டுபிடிக்க பெட்டிகள்ட்டயே கேக்கணும். ஓரளவு நல்ல ஸ்விட்ச், ரவுட்டர் (ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்கு வழி காட்டுத பெட்டி) எல்லாத்துக்குள்ளயும் எஸ்.என்.எம்.பி.ன்னு ஒரு பாஷை பேசுத ஆளு உக்காந்திருக்கான். 1988ல இருந்து இருக்க பாஷை. உன் பேரென்ன, உனக்கு எத்தனை போர்ட் (ஒயர் மாட்டுத ஓட்டை), மூணாவது போர்ட்ல எவ்வளவு டிராஃபிக் போச்சு, எல்லாத்துக்கும் பதில் சொல்லுவான், கேள்விக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்கும். ஒரு விஷயம் மட்டும் இடையில சொல்லிருதேன், பழைய வெர்ஷன்ல இதுக்கு பாஸ்வேர்ட் மாதிரி ஒரு சொல்லு உண்டு, நெறைய பெட்டியில அது வாங்கும்போதே ‘பப்ளிக்’னு இருக்கும், யாரும் மாத்துறதில்ல. அத அப்படியே விட்டு வைக்கிறது, வீட்ட பூட்டிட்டு சாவிய திண்ணையில வைக்கிற மாதிரிதான். மூணாவது வெர்ஷன்ல ஒழுங்கான பூட்டு இருக்கு, அதப் போடுங்க.

சரி, பக்கத்துல யாருன்னு அந்த ஸ்விட்சுக்கு எப்படித் தெரியும்? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி, எல்.எல்.டி.பி. ஒவ்வொரு ஸ்விட்சும் வழக்கமா 30 செகண்டுக்கு ஒருக்கா தன்னோட ஒவ்வொரு போர்ட்லயும் “நான் இன்னார், இது என்னோட ஏழாவது போர்ட்”னு ஒரு சின்ன சேதிய சொல்லிக்கிட்டே இருக்கும். யாராவது கேட்டாதான் சொல்லும்னு இல்ல, அதுபாட்டுக்கு சொல்லும். இதுல சூட்சுமம் என்னன்னா, இந்த சேதிய வாங்குத ஸ்விட்ச் அடுத்தவனுக்கு கடத்தக் கூடாது, காதுல வாங்கி எழுதி வச்சுக்கணும், அவ்வளவுதான். அதனால உன் சேதி எனக்குக் கேட்டுச்சுன்னா நீ என் பக்கத்துலதான் இருக்க, நடுவுல யாரும் இல்லன்னு அர்த்தம். எழுதி வச்சதுக்கும் ஆயுசு உண்டு, வழக்கமா 120 செகண்ட், அதுக்குள்ள மறுபடி சேதி வரலன்னா பேர அழிச்சிரும். ஸிஸ்கோன்னு ஸ்விட்ச் செய்யுத கம்பெனிக்காரங்க இதுக்கு முன்னாலயே சி.டி.பி.ன்னு சொந்தமா ஒண்ணு வச்சிருந்தாவ, அது 60 செகண்டுக்கு ஒருக்கா பேசும். எல்லா கம்பெனி பெட்டியும் ஒருத்தரோட ஒருத்தர் பேசணும்னு எல்.எல்.டி.பி. 2005ல பொது விதியா வந்துச்சு. மானிட்டரிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஸ்விட்ச்டயும் போயி “உன் பக்கத்துல யாரு?”ன்னு அந்த நோட்ட வாங்கிப் படிக்கும், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சொன்னா கோடு போட்டுரும்.

ஆனா எங்க மாடிப்படி பெட்டி இருக்கே, அது ஊமை. எல்.எல்.டி.பி. பேசாது, எஸ்.என்.எம்.பி. பேசாது, ஐபி அட்ரஸே கெடையாது. நம்ம ஊர் ஆபீஸ், கடை, காலேஜ்ல பாதி இப்படித்தான், ஜங்ஷன்ல போய் விலை கம்மியா ஒண்ணு வாங்கி மேஜைக்கு அடியில போட்டுருவாவ. இன்னும் மோசம், சில மலிவுப் பெட்டி அந்த சேதிய விதி தெரியாம அடுத்தவனுக்கு கடத்தி விட்டுரும், அப்ப மேப்ல ரெண்டு ஸ்விட்ச் நேரா ஒட்டிக்கிட்டு இருக்க மாதிரி பொய்க்கோடு விழும்.

ஊமைய எப்படி கண்டுபிடிக்கிறது? மேக் அட்ரஸ் வச்சு. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட்டுல பொறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு, மொத 24 பிட்டு அத செஞ்ச கம்பெனிய சொல்லும், மேப்ல கேமராவுக்கு கேமரா படமும் பிரிண்டருக்கு பிரிண்டர் படமும் போடுறதுக்கு இதுவும் ஒரு துப்பு. ஸ்விட்ச் தன் வேலைக்காகவே, எந்த மேக் அட்ரஸ் எந்த போர்ட் வழியா வந்துச்சுன்னு ஒரு டேபிள் வச்சிருக்கும். அந்த டேபிள வாங்கிப் பாத்தா, ஒரு போர்ட்ல ஒரே ஒரு அட்ரஸ்தான் இருக்குன்னா அங்கன ஒரு கம்ப்யூட்டர் நேரா மாட்டியிருக்கு. ஒரு போர்ட்ல 41 அட்ரஸ் இருக்கு, ஆனா எல்.எல்.டி.பி. பக்கத்துக்காரன் யாரும் இல்லன்னா? ஒரு ஓட்டையில 41 ஒயர் மாட்ட முடியாதுல்லா, அப்ப நடுவுல பேசாத பெட்டி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. சாஃப்ட்வேர் அங்கன பேரில்லாத ஒரு பொம்மைய வரைஞ்சு அதுக்கு அடியில 41ஐயும் தொங்க விடும். கண்ணுல காணாத பெட்டிய கணக்கால கண்டுபிடிக்கிறது, எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அந்த டேபிளும் மறதிக்காரன். வழக்கமா 5 நிமிஷம் ஒரு மெஷின் பேசலன்னா பேர அழிச்சிரும். அதனாலதான் சாஃப்ட்வேர் மொதல்ல எல்லாரையும் பிங் பண்ணி எழுப்பி விட்டுட்டு சூட்டோட சூடா டேபிள வாங்கும். மேக் அட்ரஸ் யாரோட ஐபின்னு ரவுட்டர்ட்ட இருக்க ஏ.ஆர்.பி. டேபிள்ல பாத்து ஒட்ட வச்சுக்கும்.

ஊர் தாண்டிப் போற வழிக்கு டிரேஸ்ரூட்னு வேற ஒண்ணு இருக்கு. பாக்கெட்டுக்கு (நெட்வொர்க்ல போற சின்ன சேதிப் பொட்டலம்) ஒரு ரவுட்டர் தாண்டுத ஆயுச மட்டும் குடுத்து அனுப்புனா அங்கனயே செத்து, “இங்கன செத்துட்டேன்”னு அந்த ரவுட்டர் கடுதாசி போடும், அடுத்து ரெண்டு, அடுத்து மூணு, இப்படி வழி பூரா தெரிஞ்சிரும்.

இனி ஒரு சிக்கல். ஒயர் ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு பெரிய எடத்துல சுத்தி வளைச்சு மாட்டுவாவ. ஆனா ஸ்விட்சுக்குள்ள ஓடுத சேதிக்கு ஆயுசு கணக்கு இல்ல, வட்டம் இருந்தா சுத்திக்கிட்டே பெருகி நெட்வொர்க்கயே முழுங்கிரும். இதுக்கு 1985ல ரேடியா பெர்ல்மன்ங்கிற அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாவ, ஸ்பானிங் ட்ரீ. ஸ்விட்சுகளே பேசி வச்சு ஒரு ஒயர அடைச்சு வைக்கும், மத்தது அறுந்தா தெறந்து விடும். நல்ல மேப்பு இந்த அடைச்ச ஒயர புள்ளிக்கோடா காட்டும். காட்டலன்னா, ஒயர் இருக்கே, ஏன் டிராஃபிக் இல்லன்னு ஒருத்தன் போய் புடுங்கி மாட்டி வம்பு பண்ணுவான், நான் அனுபவத்துல சொல்லுதேன்.

மேப் வந்தாச்சு. இப்ப அந்த 41 மெசேஜுக்கு வருவோம். 1999ல ஈதன் கால்ஸ்டாட் ஆரம்பிச்ச சாஃப்ட்வேர், பின்னால நாகியோஸ்னு பேரெடுத்துச்சு, அதுல அப்பா பிள்ளை உறவு குடுக்கலாம். பிள்ளை பதில் சொல்லலன்னா உடனே கத்தாது, அப்பன் இருக்கானான்னு பாக்கும். அப்பன் உசிரோட இருந்தா பிள்ளை ‘டவுன்’. (டவுண்னா நமக்கு நெல்லையப்பர் கோயில், அல்வா, இவங்க டவுன் வேற.) அப்பனும் போயிட்டான்னா பிள்ளை ‘அன்ரீச்சபிள்’, அதாவது அது செத்துச்சோ இருக்கோ தெரியாது, போற பாதைதான் அடைஞ்சிருக்கு. ரெண்டு அப்பன் இருந்தா ரெண்டு பேரும் போனாத்தான் அந்தக் கணக்கு. மேல போனவனுக்கு மட்டும் மெசேஜ் அனுப்பிட்டு மத்தத வாய மூடிக்க சொல்லலாம். இப்ப அதே பிளக்க புடுங்குனா எனக்கு வரது ஒரே மெசேஜ்: நடு ஸ்விட்ச்ல 17வது போர்ட் போச்சு. அந்த ஊமைப் பெட்டி தொங்குதது அந்த போர்ட்லதான்.

இதுல பலபேரு தவற விடுத ஒரு விஷயம், இந்த மேல கீழ எல்லாம் மானிட்டரிங் சர்வர் எங்க உக்காந்திருக்கோ அங்கன இருந்து பாக்குற கணக்கு. தண்ணிக்கு மேட்டுல இருந்து பள்ளம்னு ஒரே தெசை, பாபநாசம் மேலதான், புன்னைக்காயல் கீழதான், மாறாது. நெட்வொர்க்ல சர்வர லைப்ரரியில வச்சா லைப்ரரிதான் மேல. அன்னைக்கு அது லைப்ரரியில இருந்திருந்தா காலேஜோட மத்த எடம் பூரா அன்ரீச்சபிள்னு காட்டியிருக்கும்.

ஒயருக்கு மேல இன்னொரு அடுக்கு இருக்கு. வருகைப் பதிவு புரோகிராம் எந்த டேட்டாபேஸ நம்பி இருக்கு, அந்த டேட்டாபேஸ் எந்த சர்வர்ல, அந்த சர்வர் எந்த டிஸ்க்ல. இதுக்கு ஒயர் கெடையாது, அதனால சாஃப்ட்வேர் யார் யார்ட்ட பேசுதாவன்னு கவனிக்கும். சர்வருக்குள்ள ஒரு சின்ன ஏஜென்ட்ட உக்கார வச்சு தெறந்திருக்க கனெக்‌ஷன எண்ணும், இல்லன்னா யார் யார்ட்ட எவ்வளவு பேசுனாவன்னு ரவுட்டர் எழுதுத நெட்ஃப்ளோ கணக்க வாங்கும். நல்ல முறைதான், ஆனா ஒரு பொத்தல் உண்டு. ஓடும்போது பாத்தாத்தான் தெரியும். சித்திரையில காஞ்சு கெடக்க கால்வாய பாத்து, இதுல எங்க தண்ணி வருதுன்னு சமப்படுத்தி நட்டுருவாவ, ஐப்பசியில மழை கொட்டும்போது தெரியும் அது என்னதுன்னு. நாங்களும் ரெண்டு வாரம் கவனிச்சு, யாரும் பேசலன்னு ஒரு பழைய சர்வர அணைச்சோம். மாசக் கடைசியில சம்பளக் கணக்கு அது வழியாத்தான் போகும்னு மாசக் கடைசியிலதான் தெரிஞ்சுது.

சாஃப்ட்வேரால சுத்தமா பாக்க முடியாதது மண்ணு. காலேஜுக்கு ரெண்டு கம்பெனிட்ட இருந்து ரெண்டு இன்டர்நெட் லைன், மேப்ல ரெண்டு பச்சைக் கோடு, ஒண்ணு வலது, ஒண்ணு இடது, பாக்க அம்சமா இருக்கும். ரோட்டுல பைப் போட ஜேசிபி வந்து ஒரு அள்ளு அள்ளுச்சு, ரெண்டு கோடும் ஒண்ணா செவந்துருச்சு. ரெண்டு ஃபைபரும் ஒரே குழியிலதான் படுத்திருந்துருக்கு. அதுக்கப்புறம் அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நானே கையால ஒரு பெட்டி வரைஞ்சு ‘ஒரே குழி, கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடி’ன்னு எழுதி வச்சேன்.