மனநல சிகிச்சைக் குறிப்புகள்: யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது

"அந்தப் பையன் உங்களிடம் மாத்திரை வாங்குகிறானாமே?" வரன் பேசும் வீட்டார் மருத்துவமனையில் இப்படி விசாரிப்பது நம் ஊரில் புதிதல்ல. "ஆமாம்" என்ற ஒரு சொல்கூட அங்கிருந்து வரக்கூடாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு, ஒருவரின் மனநலம், சிகிச்சை ஆகியவற்றோடு உடல்நலச் சிகிச்சை பற்றிய தகவலையும் ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. கணினிப் பதிவுகளுக்கும் இதே விதிதான். வேலை கொடுப்பவர் கேட்டாலும் கொடுக்க முடியாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரவும் கூடாது.

விதிவிலக்குகள் உண்டு. சிகிச்சைக்காக இன்னொரு மருத்துவரிடம் சொல்லலாம். நீதிமன்றமோ, இந்தச் சட்டத்தின்கீழ் முறையீடுகளை விசாரிக்கும் மனநல சீராய்வு மன்றமோ உத்தரவிட்டால் கொடுக்க வேண்டும். பிறருக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்பு ஆகிய காரணங்களும் சட்டத்தில் உள்ளன. ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் சொல்லலாம். முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

உண்மையில் சிக்கல் வருவது வீட்டுக்குள்தான். கூட வந்த அண்ணன், மாமா, மாமியார் எல்லோரிடமும் மருத்துவர் விவரம் சொல்வது வழக்கமாகிவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சிகிச்சை விஷயங்களில் நோயாளிக்குத் துணைநிற்கும் "நியமனப் பிரதிநிதி" என்று ஒருவரைத்தான், அதுவும் அவர் கடமையைச் செய்யத் தேவைப்படும் தகவலுக்கு மட்டும், அது குறிப்பிடுகிறது. 18 வயது நிரம்பிய யாரும், தாம் நம்பும் ஒருவரை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை, நண்பராகவும் இருக்கலாம். பின்னர் மாற்றிக்கொள்ளவும் முடியும். எழுதி வைக்காவிட்டால், உறவினரே அந்த இடத்துக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். உறவினரோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் இந்தத் தாளைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

தன் கோப்பைத் தானே பார்க்கும் உரிமையும் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, "படிவம் ஏ"-யில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்டால், 15 நாட்களுக்குள் அடிப்படை மருத்துவக் குறிப்புகளின் நகல் தர வேண்டும். கேட்பவருக்குக் கடுமையான மன பாதிப்போ, பிறருக்குத் தீங்கோ நேரும் என்று மருத்துவர் கருதினால், குறிப்பிட்ட சில விவரங்களை மட்டும் நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைத்தால், சீராய்வு மன்றத்தில் முறையிடலாம் என்பதையும் மருத்துவரே சொல்லியாக வேண்டும்.

சட்டத்தை மீறினால், முதல் முறை 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. மறுபடி மீறினால் சிறை 2 ஆண்டு வரை, அபராதம் 5 லட்சம் வரை போகலாம்.