கச்சேரி ஏழு மணிக்கு, காதுக்கு மூணு மணிக்கே

நான் ஆடியாலஜிஸ்ட். காது டெஸ்ட் பண்றவங்கன்னு சொன்னா சட்டுன்னு புரியும், ஆனா நம்ம நாட்டுல இந்தப் படிப்புல காது, பேச்சு, குரல் எல்லாத்தையும் சேர்த்தே சொல்லிக் குடுப்பாங்க, அதனால டிரம்ஸ் வாசிக்கிற தம்பி காதுல சத்தம் கேக்குதுன்னு வந்தாலும் எங்கிட்டதான், பாடுற பொண்ணு தொண்டை கட்டிக்கிச்சுன்னு வந்தாலும் எங்கிட்டதான். திருநெல்வேலி பக்கம் பிராக்டிஸ். பங்குனி, சித்திரை, ஆடின்னு கோயில் கொடை (எங்க பக்கம் ஊர்க் கோயில் திருவிழா) சீசன் முடிஞ்ச கையோட மெல்லிசைக் குழு ஆளுங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. முக்கால்வாசிப் பேருக்கு இது முழுநேரத் தொழில் கிடையாது. பேங்க் கிளார்க், ஸ்கூல் டீச்சர், மொபைல் கடை, இன்சூரன்ஸ் ஏஜென்ட், லீவு போட்டுட்டு வேன் ஏறுறவங்க.

அப்படி வந்த ஒரு தம்பிக்கு இருபத்தாறு வயசு. மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கான், சாயங்காலம் டிரம்ஸ். ராத்திரி படுத்தா காதுல வண்டு கத்துற மாதிரி இருக்குன்னான். கடையில கூட்டமா இருந்தா கஸ்டமர் 'சிம்'முன்னு கேக்குறாங்களா 'கம்'முன்னு கேக்குறாங்களான்னே தெரியலையாம், ரெண்டும் அவன் கடையில விக்கிறதுதான், மாத்தி எடுத்துக் குடுத்து திட்டு வாங்குறான். ஆடியோகிராம் எடுத்தேன், எந்த ஸ்தாயிச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற டெஸ்ட். 4000 ஹெர்ட்ஸ், அதாவது மேல்ஸ்தாயிச் சத்தம், கிட்ட கோடு பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்கி, திரும்ப 8000-ல ஏறுது. சத்தத்தால அடி வாங்கின காதோட கையெழுத்து அது. இடது காதுல இன்னும் மோசம், ஹை-ஹேட்ங்கிற ஜோடி சிம்பல் அந்தப் பக்கம்தான் இருக்கு.

"எவ்வளவு நேரம்டா வாசிப்ப?"ன்னு கேட்டா, "கச்சேரி மூணு மணி நேரந்தான்க்கா, அதுவும் எல்லா வாரமும் இல்ல"ங்கிறான். மூணு மணி நேரமும் சத்தம் அதிகம்தான், அத நான் இல்லன்னு சொல்லல, ஆனா எல்லாருமே அந்த மூணு மணி நேரத்த மட்டும்தான் கணக்குல சொல்றாங்க. அன்னைக்கு மத்தியானம் என்ன பண்ணினன்னு கேட்டா யாருக்கும் ஞாபகமே இல்ல. சும்மா இருந்தோம்ங்கிறாங்க.

அந்த 'சும்மா'வப் பாக்கணும்னுதான் ஒரு சித்திரைக் கொடைக்கு எங்க சித்தப்பா பையன் ட்ரூப்போட வேன்ல ஏறினேன், கையில ஒரு சவுண்ட் லெவல் மீட்டரோட. அவன்தான் கீபோர்ட். மத்தியானம் பன்னெண்டரைக்கு கிளம்பினோம். வேன்ல அன்னைக்குப் பாட வேண்டிய பாட்டெல்லாம் ஸ்பீக்கர்ல ஓடுது, ஜன்னல் திறந்திருக்கு, காத்துச் சத்தம், இன்ஜின் சத்தம், அதுக்கு மேல எல்லாரும் கத்திப் பேசுறாங்க. பாடுற பொண்ணு காலையில ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துட்டு நேரா வந்திருக்கு. ரெண்டரை மணி நேரமும் கூடவே பாடிட்டு வந்துச்சு. கேட்டா, "வார்ம் அப் பண்றேன்க்கா"ங்குது.

மூணு மணிக்கு ஊர் வந்து இறங்கினோம். கோயில் முன்னாடி நையாண்டி மேளம், கூம்பு ஸ்பீக்கர் வேப்பமரத்துல கட்டியிருக்கு, மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர். வேன நிழல் பாத்து நிறுத்தினாங்க, நல்ல நிழல்தான், ஆனா பத்தடி தள்ளி வேட்டுப் போடுற இடம். வேட்டு தொடர்ந்து வர்ற சத்தம் மாதிரி இல்ல, பக்கத்துல வெடிச்சா ஒரே அடியில 140 டெசிபல தாண்டும், அந்த மாதிரி ஒரு அடியிலயே காது போனவங்கள நான் பாத்திருக்கேன். நான் சொல்லித்தான் வேன நகத்தினாங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "வேட்டுக்குப் பயந்தா கொடைக்கு எதுக்கும்மா வந்தீங்க"ன்னு சிரிச்சாரு.

அப்புறம் ஆரம்பிச்சது சவுண்ட் செக்.

கச்சேரிக்கு முன்னாடி மைக், ஸ்பீக்கர் எல்லாம் சரியா கேக்குதான்னு வாசிச்சுப் பாக்குறது, கேக்குறதுக்கு சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனா நடக்குறது என்னன்னா, டிரம்ஸ்ல கிக்க மட்டும் பத்து நிமிசம் அடிக்கச் சொல்வாங்க, அப்புறம் ஸ்னேர், அப்புறம் சிம்பல், அந்த நேரம் முழுக்க மத்த ஆறு பேரும் மேடையிலயே நின்னு அவங்கவங்க ஒயர மாட்டிட்டு இருப்பாங்க. அடுத்து கீபோர்ட், "என் மானிட்டர்ல எனக்கு கேக்கல, ஏத்துங்கண்ணே" (மானிட்டர்னா வாசிக்கிறவங்க தங்களக் கேக்குறதுக்கு மேடையில அவங்களப் பாத்து வைக்கிற ஸ்பீக்கர்). ஏத்துவாரு. இப்ப பேஸ் கிட்டார்காரருக்கு கீபோர்ட் மட்டும்தான் கேக்குது, அவரும் ஏத்தச் சொல்வாரு. அடுத்து ரிதம் பேட். கடைசியா பாடுறவங்க மைக்க ஏத்தினா அது கீச்சுன்னு கூவ ஆரம்பிச்சிடும். இத்தன பேர்ல ஒருத்தர்கூட "அண்ணே, என்னோடத கொஞ்சம் இறக்குங்க"ன்னு சொல்லி நான் கேக்கல. சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சிய குறை சொல்லிப் புண்ணியம் இல்ல, அவரு கேட்டதக் குடுக்குறாரு. செக் முடிஞ்சாலும் விடுறதில்ல, பதட்டத்துல ரெண்டு பாட்டு முழு வால்யூம்ல வாசிச்சுப் பாப்பாங்க, சின்னப் பசங்க கூட்டம் சேந்துட்டா மூணாவதும்.

மீட்டர்ல மேடை நடுவுல 97 டெசிபல், டிரம்ஸ் சீட்டுக்குப் பக்கத்துல 103 வரைக்கும் காட்டுச்சு. இதுக்கு என்ன அர்த்தம்னா, அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்கு நியோஷ்னு ஒரு அமைப்பு வச்சிருக்கிற கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-னா 4 மணி நேரம். 91-னா 2. 97-க்கு வரும்போது வெறும் அரை மணி நேரம், 100-க்கு கால் மணி, 103-க்கு ஏழரை நிமிசம். நான் வாட்ச் பாத்து வச்சதுல நிறுத்தி நிறுத்தி வாசிச்ச நேரம் மட்டும் கூட்டினா அம்பது நிமிசம் வந்துச்சு. அப்ப மேடையில நின்ன எல்லாருக்கும் அன்னைக்குள்ள கோட்டா அஞ்சு மணிக்கே முடிஞ்சு போச்சு, டிரம்ஸ் தம்பிக்கு அஞ்சாறு நாளுக்கு உள்ளது சேர்த்து முடிஞ்சு போச்சு. இன்னும் குத்துவிளக்கே ஏத்தல.

இதுல இன்னொரு வினை இருக்கு, இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். பெரிய சத்தத்துல இருந்து வெளிய வந்தா காது பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும்ல, அப்ப உண்மையிலேயே கேக்குற திறன் தற்காலிகமா இறங்கியிருக்கு. திரும்பி வர பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒண்ணு ரெண்டு நாளு. சவுண்ட் செக்ல மந்தமான காதோடதான் ஏழு மணிக்கு மேடை ஏறுறீங்க. மத்தியானம் சரியா இருந்த மானிட்டர் இப்ப பத்தாது. "ஏத்துங்கண்ணே." கச்சேரியில சத்தம் கூடுறதுக்குக் காரணமே கச்சேரிக்கு முன்னாடி பண்ணின வேலைதான். ஒவ்வொரு காதுக்குள்ளயும் சத்தத்த உணர்ற சுமார் 15,000 முடி செல்லு இருக்கு, மந்தமாகி மந்தமாகித் திரும்புறதுல ஒரு நாள் கொஞ்சம் திரும்பாமலே போயிடும், செத்தது மனுசனுக்கு மறுபடி முளைக்காது. ஏசி/டிசிங்கிற ராக் இசைக் குழுவோட பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல டூர் நடுவுலயே நிறுத்த வேண்டி வந்துச்சு, தொடர்ந்தா காது முழுசா போயிடும்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அவர மாதிரி ஆளுக்கு நிறுத்தச் சொல்ல டாக்டர் கூட இருக்காங்க, நம்ம பசங்க வண்டு கத்த ஆரம்பிச்ச பிறகும் மூணு சீசன் வாசிச்சுட்டுத்தான் வர்றாங்க.

சரி, என்ன பண்ணலாம்? உங்க முறை வரலன்னா மேடைய விட்டு இறங்குங்க. அவ்வளவுதான் முதல் வைத்தியம், காசு கிடையாது. கொடை நடக்குறது திறந்தவெளி, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் கிட்டத்தட்ட 6 டெசிபல் குறையும், மேல சொன்ன கணக்குல உங்களுக்குள்ள நேரம் நாலு மடங்காகும். டிரம்ஸ் செக் நடக்கும்போது மத்தவங்க டீ குடிக்கப் போலாம். மானிட்டர முட்டி உயரத்துல நேரா வைக்காம ஒரு கல்லக் குடுத்து முகத்தப் பாத்து சாய்ச்சு வச்சா பாதி "ஏத்துங்கண்ணே" நின்னு போகும். கேக்கலன்னா முதல்ல பக்கத்துல இருக்கிறவர இறக்கச் சொல்லிப் பாருங்க, சண்டை வந்தா நான் பொறுப்பில்ல.

இயர்பிளக் பத்தி எல்லாரும் சொல்ற புகார், போட்டா பாட்டு செத்த மாதிரி இருக்குங்கிறது. மெடிக்கல்ல கிடைக்கிற ஃபோம் பிளக் மேல்ஸ்தாயிய அதிகமா அமுக்கும், அதான். இசைக்காரங்களுக்குன்னே ஃபில்டர் வச்ச பிளக் இருக்கு, எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவுல இறக்கும், ஆன்லைன்லயும் கிடைக்குது. பஞ்சு வைக்கிறது சும்மா மனத் திருப்திக்கு. ஆனா ஒண்ணு, பிளக்க சவுண்ட் செக்லயே போடணும். நிறைய பேர் செக்க வெறுங்காதோட பண்ணிட்டு கச்சேரிக்கு பிளக் போடுறாங்க, அப்ப பேலன்ஸ் எல்லாமே தப்பாத் தெரியும், ரெண்டாவது பாட்டுல கழட்டி சட்டைப் பையில போட்டுடுவாங்க. பாடுறவங்களுக்கு மட்டும் இது கஷ்டம், சொந்தக் குரலே மண்டைக்குள்ள முழங்கும், அவங்க வீட்டுல ஒரு வாரம் போட்டுப் பழகிட்டு வரணும்.

பாடுறவங்கன்னு சொன்னதும் அந்த டீச்சர் பொண்ணு ஞாபகம். அஞ்சரைக்கு அது குரல் கரகரன்னு ஆயிடுச்சு. சுத்தி சத்தம் இருந்தா நாம அறியாமலே கத்திப் பேசுவோம், லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911-லயே எழுதி வச்சது. காலையில கிளாஸ், வேன்ல ரெண்டரை மணி நேரம், மேடையில ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல "அண்ணே ரிவெர்ப் (எதிரொலி) கம்மி பண்ணுங்க"ன்னு கத்தல். பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடியே அதுக்கு ஒரு கச்சேரி முடிஞ்சிருச்சு. உடனே ஆளுக்கொரு வைத்தியம் வந்துச்சு, மிளகு, பனங்கற்கண்டு, மிட்டாய் மாதிரி சப்புற புதினா மாத்திரை, ஒருத்தர் "ஒரு மூடி பிராந்தி போதும்"னாரு. பாவம், எல்லாத்தையும் (பிராந்தி தவிர) வாங்கிப் போட்டுக்கிச்சு.

குடிக்கிற எதுவும் குரல் நாண் மேல படாது. பட்டா புரை ஏறும். தண்ணி வயித்துக்குப் போயி ரத்தத்துல கலந்து சுத்தி வந்துதான் அங்க ஈரம் சேரணும், அதனால மேடையில பாட்டில் பாட்டிலா குடிக்கிறத விட காலையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா குடிச்சதுதான் உதவும். ஆவி மட்டும் நேரா அங்க போகும், வெறும் ஆவி, தைலம் வேண்டாம். புதினா மாத்திரை ஜிலுஜிலுன்னு இருக்கிறது தொண்டை சரியானதால இல்ல, அந்த நேரம் வலி தெரியாம இருக்கும், தெரியாமலே இன்னும் அழுத்திப் பாடுவீங்க. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை போட்டுட்டுப் பாடினா நாண்ல ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். பாடும்போது திடீர்னு குரல் அறுந்த மாதிரி போனா அந்தப் பாட்டோட நிறுத்திட்டு மறுநாளே ஈ.என்.டி டாக்டர்கிட்ட போயிடணும். கிசுகிசுன்னு பேசினா ரெஸ்ட்டுன்னு நினைக்காதீங்க, வாய மூடிட்டு இருக்கிறதுதான் ரெஸ்ட்.

அந்தப் பொண்ண வேனுக்குள்ள உக்கார வச்சு அரை டம்ளர் தண்ணியில ஸ்ட்ரா போட்டு 'ஊ'ன்னு முனகிட்டே குமிழி விடச் சொன்னேன், அஞ்சு நிமிசம். நாண் முட்டி மோதாம மெதுவா அசையும், வார்ம் அப்புன்னா அது. மத்தவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து சிரிச்சாங்க. அதுக்குள்ள ஊர்க்காரங்க சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க, கொடை வீட்டுச் சாப்பாட்ட வேண்டாம்னு சொல்ல முடியாது, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு உடனே பாடினா எதுக்களிச்சு மேல வரும்னு சொல்லி, அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கி வச்சோம். மைக்ல உதடு பட்டா சுர்ருன்னு ஷாக் அடிக்கிற கதையும் அன்னைக்கு நடந்துச்சு, அத ஒரு எலெக்ட்ரீஷியன்தான் தனியா எழுதணும்.

ஏழு மணிக் கச்சேரி பூஜை முடிஞ்சு எட்டே முக்காலுக்கு ஆரம்பிச்சது. பொண்ணு முதல் ரெண்டு பாட்டு பாடாம மூணாவதுல இருந்து பாடிச்சு, ஓரளவு தப்பிச்சிருச்சு. எங்க சித்தப்பா பையன் நாலாவது பாட்டுல சவுண்ட் அண்ணாச்சி பக்கம் திரும்பி ஏத்தச் சொல்லி கைய மேல காமிச்சான், நான் கீழ இருந்து பாத்தேன், உடனே கையக் கீழ இறக்கிட்டான்.

கொடைக்கு வாசிக்கிறவங்க வருசம் ஒரு தடவை ஆடியோகிராம் எடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல ஈ.என்.டி பிரிவுலயே எடுக்கலாம். ஒரு காது மட்டும் திடீர்னு அடைச்சா எண்ணெய் ஊத்திட்டு வீட்டுல உக்காந்திருக்காதீங்க, அன்னைக்கே போங்க, அதுக்கான மருந்து நாள் போகப் போக வேலை செய்யாது. சாதாரண டெஸ்ட்டுக்குன்னா கச்சேரி முடிஞ்ச மறுநாள் காலையில வராதீங்க, மந்தமான காதுதான் பதிவாகும், பெரிய சத்தம் இல்லாம குறைஞ்சது 14 மணி நேரம் போகணும், நான் ரெண்டு நாள் கேப்பேன். செவ்வாய்க்கிழமை கொடைன்னா வெள்ளிக்கிழமை வாங்க. ஹெட்போன்ல பாட்டு கேட்டுட்டே வராதீங்க.