லேக் என்றால் பின்னடைவா?

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) பற்றிய பாடக் குறிப்பு ஒன்றில் மறுபடியும் பார்த்தேன். அதிலுள்ள லேக் (LAG) என்ற சார்பு 'பின்னடைவுச் சார்பு', லீட் (LEAD) 'முன்னிலைச் சார்பு'. வாக்கு எண்ணிக்கைச் செய்தி மாதிரி இருக்கிறது.

லேக் செய்வது இவ்வளவுதான். அட்டவணையின் நிரைகளை, அதாவது கிடைவரிகளை, ஓர் ஒழுங்கில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தைய நிரையின் மதிப்பை எடுத்துக் கொடுக்கும். லீட், அடுத்த நிரையினுடையதை. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் லேக் என்ற சொல்லுக்குக் கடைசியில் வருபவர் என்று பொருள். இந்த இரண்டு சார்புகளும் எஸ்க்யூஎல் தரநிலையில் 2011இல் சேர்ந்தன. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு 2018இல், 8.0 பதிப்பில்தான் வந்தன. அதுவரை அட்டவணையை அதனோடே இணைத்து மல்லுக்கட்டினோம்.

இப்போது கரண்ட் மீட்டரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் 4210, ஜூனில் 4585, ஆகஸ்டில் 4990. ஜூன் நிரையில் நின்று லேக் போட்டால் 4210 கிடைக்கும். கழித்தால் 375 யூனிட். ஏப்ரலுக்கு முன்னால் நிரையே இல்லை, ஆகவே அங்கே வெற்று மதிப்பு.

சரி, ஜூனுக்கு ஏப்ரல் முன்னா, பின்னா? தமிழில் கடந்துபோனது முன், வரப்போவது பின். முற்பகல் கழிந்த பிறகுதான் பிற்பகல், முன்னோர் போய்விட்டவர்கள். 'பின்' தங்குகிறது என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தவர் திசையையே திருப்பிவிட்டார். 'முன்னிலை' என்று படித்த மாணவர் முன் மாதத்தைத் தேடி லீட் போடுவார், ஆகஸ்ட் வந்து நிற்கும். 4585இலிருந்து 4990 போனால் மைனஸ் 405 யூனிட். மின்வாரியம்தான் நமக்குப் பணம் கட்ட வேண்டும்!

'தாமதச் சார்பு' என்பவர்களும் உண்டு. இங்கே எதுவும் தாமதமாகவில்லை, கேட்ட உடனே வருகிறது. 'முந்தைய நிரை', 'அடுத்த நிரை' என்றாலே போதும். 'பிந்தைய' தவறில்லைதான், ஆனால் பிந்துவது என்றதும் அந்தத் தாமதம் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், நிரையை 'வரிசை' என்று எழுதும் பழக்கம். நிரை, நிரல் என்று கணக்கில் அணிகள் பாடத்திலேயே படித்துவிட்டோம். அப்படியிருக்க, 'அடுத்தடுத்த வரிசைகளை வரிசைப்படுத்தி, வரிசையாக ஒப்பிடுக' என்று எழுதினால் எந்த வரிசையை என்று எழுதியவருக்காவது தெரியுமா?