ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கும் முன் ஒருமுறை பின் சீட்டில் உட்காருங்கள்

"அண்ணே, நாலு ஷாக்கும் போயிடுச்சு போல, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தம்பி வந்தார். கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. லிஃப்டில் ஏற்றி ஷாக் அப்சார்பர், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), பால் ஜாயின்ட், மவுன்ட் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அந்தக் கார் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. டெஸ்ட் டிரைவ் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடம், நல்ல சாலையில், தனியாக. வீட்டில் நான்கு பேர். பின் சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு முதுகு வலிக்கிறதாம், "இனிமேல் உன் காரில் நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டாராம்.

சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இதே கதையை ஆள் மாற்றி, கார் மாற்றிப் பல தடவை கேட்டுவிட்டேன். விலைக்குள் அடங்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் செடானை ஆசைப்பட்டு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பலரும் வேகத்தையும் சொகுசையும் ஒரே தராசின் இரண்டு தட்டாக நினைக்கிறார்கள்: ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும், குலுக்கினால்தான் அது ஸ்போர்ட்ஸ் கார் என்று. பாதிதான் சரி. உங்களைக் குலுக்கும் விஷயங்களில் பல, காருக்கு ஒரு துளி வேகத்தையும் தருவதில்லை.

முதலில் டயர். ஒரே மாடலில் கீழ் ரகத்துக்கு 205/55 ஆர் 16, மேல் ரகத்துக்கு 225/40 ஆர் 18 என்று கொடுப்பார்கள். முதல் எண் டயரின் அகலம், மி.மீ.-இல்; கடைசி எண் ரிம்மின் அளவு, அங்குலத்தில். இரண்டாவது எண், டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச்சுவர் சுமார் 113 மி.மீ., இரண்டாவதில் 90 மி.மீ. டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது காற்று மெத்தையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குவது ஸ்பிரிங்கோ ஷாக்கோ இல்லை, டயருக்குள் இருக்கும் காற்று. அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்கும், அங்கிருந்து உங்கள் முதுகெலும்புக்கும் போகிறது. பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூடுதல். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், மேடு பள்ளத்தில் சக்கரத்தை அடக்கி வைக்க ஷாக் இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சற்று சட்டென்று திரும்பும். காய்ந்த சாலையில் வளைவில் பிடிமானம் கொஞ்சம் கூடலாம். பெரிய பிரேக் டிஸ்க் வைக்க இடம் கிடைக்கும். இவை உண்மையான லாபங்கள்தான். ஆனால் மழையில் கார் நிற்பதைத் தீர்மானிப்பது ரிம்மின் அளவு இல்லை. டயரின் ரப்பர் கலவையும், தண்ணீரை வெளியேற்றும் அதன் பள்ளங்களும்தான். 18 அங்குல ரிம்முக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேய்ந்த பிறகு விலை கட்டுப்படியாகாமல் மலிவான டயர் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அதே பணத்தில் 16 அல்லது 17 அங்குலத்தில் நல்ல டயரே வாங்கியிருக்கலாம். பக்கச்சுவர் வீங்கிய டயரோடும் வளைந்த ரிம்மோடும் என்னிடம் வருபவை பெரும்பாலும் 40, 35 என்று எழுதிய டயர்கள்தான்.

அடுத்தது ஸ்பிரிங்கும் ஷாக்கும். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, ஷாக் ஆட்டத்தை அடக்குகிறது. சாதாரண குடும்பக் காரின் உடல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை மேலும் கீழும் ஆடும்படி ஸ்பிரிங்கை அமைப்பார்கள். ஸ்போர்ட்ஸ் ரகத்தில் அது இரண்டை நோக்கிப் போகும். மனித உடலுக்கு மிகவும் தொந்தரவு தரும் செங்குத்து அதிர்வு நொடிக்கு 4 முதல் 8 முறை வரை வருவது. வயிறும் மார்பும் அந்த வேகத்தில்தான் கூடவே அதிரும். ஆக, ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதால் மட்டும் உடம்பு நோகாது. டயர், ஷாக்கின் வால்வு, புஷ் வழியாக வரும் கூர்மையான தட்டல்தான் பெரும்பாலும் நோகடிக்கிறது.

மென்மையான கார் எல்லாம் சொகுசும் இல்லை. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் படகு மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடி அடங்கும் காரில் பின்னால் உட்கார்ந்தால் குழந்தைகளுக்குக் குமட்டும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் இதைப் பற்றி ஆராய்ந்தார். மேட்டில் முன் சக்கரம்தான் முதலில் ஏறும், பின் சக்கரம் சற்றுத் தாமதமாக வரும். பின் பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக ஆடும்படி ஸ்பிரிங்கை அமைத்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தைப் பிடித்துவிடும். கார் முன்னும் பின்னும் தலையாட்டாமல் மட்டமாக எழுந்து மட்டமாக அடங்கும். இன்றும் அந்தப் பாடம் பயன்படுகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாக இருந்தும் சுகமாகப் போகும் கார்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். நான் இறுக்கத்தைப் பார்ப்பதில்லை, அடக்கத்தைப் பார்க்கிறேன். மேட்டைத் தாண்டியதும் ஒரே அசைவில் உட்கார்ந்துவிடுகிறதா, 'டொக்' என்று உள்ளே ஏதாவது குத்துகிறதா என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிரேக்கும் பிடிக்கும், ஸ்டீயரிங்கும் கேட்கும். அளவுக்கு மீறி இறுக்கிய கார் கரடுமுரடான வளைவில் துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் நகரும். அந்தச் சாலையில் சற்று இளகிய கார்தான் வேகமானதும் பாதுகாப்பானதும்.

அதற்காக எல்லாவற்றையும் சேர்த்தே பெறலாம் என்று ஆசை காட்ட மாட்டேன். உண்மையாகவே ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் இடங்கள் உண்டு. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியைத் தடிமனாக்கினால் வளைவில் கார் சாய்வது குறையும். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் அடி மறுபக்கத்துக்கும் போகும், தலை இடமும் வலமும் ஆடும். புஷ்ஷைக் கடினமாக்கினால் ஸ்டீயரிங் துல்லியமாகும், சாலையின் இரைச்சலும் உள்ளே வரும். ஷாக்கின் இறுக்கத்தைப் பட்டனில் மாற்றும் வசதி இந்தச் சண்டையை ஓரளவு தீர்க்கிறது. ஆனால் வாங்கும்போதே விலை கூடும், சில வருடம் கழித்து மாற்றும்போது சாதாரண ஷாக்கைவிடப் பல மடங்கு செலவாகும். 2017-இல் வந்த பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக் எஸ்ஐயில் அந்த வசதி இருந்தது. 2022 மாடலாக வந்த அடுத்த தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். பெயர் ஒன்றுதான், கார் வேறு. பின் சஸ்பென்ஷனின் வகையிலும் இப்படி வித்தியாசம் உண்டு. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் ஜெட்டாவில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே இரும்புக் கட்டை இணைக்கும். அதன் ஸ்போர்ட்ஸ் ரகமான ஜிஎல்ஐயில் மல்டி லிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கைகள் பிடித்திருக்கும். சரி, டார்ஷன் பீம் என்றாலே மட்டம் என்று முடிவுகட்ட முடியுமா? 2019-இல் மஸ்டா 3 மல்டி லிங்க்கை விட்டுவிட்டு டார்ஷன் பீமுக்கு மாறியது, அந்தக் காரை விரும்பி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். எந்த வகை என்பதைவிட எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம், அது எந்த பிரோஷரிலும் அச்சாகாது.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அன்றாடம் அப்படி யார் ஓட்டுகிறோம்? 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் போகும் லாரியைத் தாண்ட 80-க்குப் போக வேண்டும், அதுதான் தேவை. அங்கே உச்சக் குதிரைத்திறனைவிட, குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசைதான் பேசும். 1,800 ஆர்பிஎம்மில் 250 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ எஞ்சின் அந்த நொடியில் சுமார் 64 குதிரைத்திறன் தருகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அதே ஆர்பிஎம்மில் 160 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 41 தான். விளம்பரத்தில் இரண்டுக்கும் உச்சம் 150 குதிரைத்திறன் என்றே போட்டிருக்கலாம். அப்புறம், பெரும்பாலான கார்களில் ஸ்போர்ட் பட்டன் சக்தியைக் கூட்டுவதில்லை. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் சீறும், கியரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கனமாகும், அவ்வளவே. பிரேக்கைச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு. 70-இல் இருந்து நிற்பதைவிட 100-இல் இருந்து நிற்க பிரேக் இரண்டு மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும். பெடலை மிதித்தால் மெத்தென்று இறங்குகிறதா, அழுத்தத்துக்கு ஏற்ப சீராகப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு வருவோம். ஷோரூம் சொல்லும் வழியில் மட்டும் போகாதீர்கள். நீங்கள் தினமும் போகும் மோசமான சாலை எதுவோ, அங்கே 20, 30 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். சிறு பள்ளங்கள் மெதுவாகப் போகும்போதுதான் காரைக் காட்டிக்கொடுக்கும். பிறகு நெடுஞ்சாலையில் 80, 90-இல் பாட்டை நிறுத்திவிட்டு டயர் இரைச்சலைக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், சில டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்கள் அங்கேதான் உதறும். வீட்டில் பின் சீட்டில் உட்காரப்போவது யாரோ, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் பின்னால் போய் உட்காருங்கள், வேறு யாராவது ஓட்டட்டும். ஓட்டுபவருக்குப் பள்ளம் வருவது முன்கூட்டியே தெரியும், கையில் ஸ்டீயரிங் இருக்கும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அந்த அடி எதிர்பாராமல் விழும். தாழ்ந்த கூரைக்குள் குனிந்து ஏறி இறங்க முதியவர்களின் முழங்கால் ஒத்துழைக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். முன் சீட்டின் பக்க மெத்தைகள் இடுப்பைப் பிடிப்பது நல்லதுதான், ஆனால் ஒல்லியானவரை அணைக்கும் சீட் பருமனானவரின் விலாவை அழுத்தும். அரை மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் தெரியும்.

இறுக்கமான காரையே வாங்குங்கள் என்று நான் சொன்னதும் உண்டு. மலைப்பாதையில் தினமும் வேலைக்குப் போய் வரும் ஒரு அம்மா, பெரும்பாலும் தனியாக ஓட்டுபவர், அந்தப் பாதையின் தார் நன்றாக இருக்கிறது. சொகுசுக் காரில் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாய்ந்து கழுத்து வலிக்கிறது என்றார். ஸ்போர்ட்ஸ் ரகத்துக்கு மாறியதும் வலி போய்விட்டது என்று வந்து சொன்னார். அவருடைய சாலைக்கு அதுதான் சொகுசு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரண செடானை வாங்கி, மலிவான தாழ்வு ஸ்பிரிங் போட்டு ஸ்போர்ட்ஸ் காராக மாற்றாதீர்கள். ஷாக் பழையது, ஸ்பிரிங் மட்டும் குட்டை என்றால், சக்கரம் ஏறி இறங்க இருக்கும் இடம் மிகவும் சுருங்கும். நான்கு பேர் ஏறினால் பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடிமானம் திடீரென்று போய்விடும். கேம்பர் கோணம் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு) மாறி டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேய்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அப்படித் தேய்ந்த இரண்டு டயர்களை, காரை லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்தக் காரில் ஒரு கைக்குழந்தையின் சீட் மாட்டியிருந்தது.

முதலில் சொன்ன தம்பியின் காருக்கு வருகிறேன். டயரில் காற்றைச் சோதித்தபோது, கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருப்பதைவிட 8 பிஎஸ்ஐ அதிகமாக வேறு எங்கோ நிரப்பியிருந்தார்கள். காற்றைச் சரியாக்கியதும் பாதி குலுக்கல் குறைந்தது. பிறகு பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் இடிக்காது என்று உறுதி செய்துகொண்டு, பெரிய ரிம்மைக் கழற்றிவிட்டு, 17 அங்குல ரிம்மில் 225/45 டயர் போட்டோம். விட்டம் ஏறக்குறைய அதேதான், டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் குறையாமல் பார்த்துக்கொண்டேன். ஷாக்கையோ ஸ்பிரிங்கையோ தொடவில்லை. போன மாதம் அலைன்மென்ட்டுக்கு வந்தார். அவருடைய அம்மா பின் சீட்டில் இருந்தார். வளைவில் முன்பு போலவே ஓடுகிறதா என்று கேட்டேன். "வித்தியாசம் தெரியலண்ணே" என்றார்.